கால் தளர்ந்தாலும் ஆட்டம் தளராத பின்கள வீரர்கள்

2024 ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துத் தொடரில், எதிரணி கோல் போடாமல் தடுக்க போர்ச்சுகலின் பின்களத்தில் நின்ற பெப்பேவுக்கு வயது 41. அத்தொடரில் அந்த வயதில் ஆடியவர் அதற்கு முன் எவருமில்லை. உச்ச வேகமோ முப்பதை ஒட்டியே குறையத் தொடங்குகிறது. வெடித்துப் பாயும் வலிமை தரும் தசை இழைகள் வயதோடு மெலிகின்றன. பிறகு எப்படி ஓர் இளம் முன்கள வீரரை அவரால் மடக்க முடிந்தது?

ஒரு சிறு கணக்கு போடலாம். கண்ணால் கண்டதற்குக் கால் அசையக் குறைந்தது 0.2 நொடி ஆகும். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வருபவர் அதற்குள் 1.8 மீட்டர் போய்விடுவார். எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அவருக்கு முன்பே தெரியும், தடுப்பவருக்குத் தெரியாது. பார்த்த பின் ஓடுவது என்றால் எத்தனை வேகமான பின்கள வீரரும் பிந்தித்தான் போவார்.

எனவே அனுபவமுள்ள பின்கள வீரர் முந்திக்கொண்டு ஊகிக்கிறார். எதிராளியின் இடுப்பு எங்கே சாய்கிறது, ஊன்றிய கால் எத்திசையில் நிற்கிறது என்பதில் அடுத்த அசைவு ஒளிந்திருக்கிறது. கால் பந்தைத் தொடும் கணத்துக்கு முன்பே காணொளியை நிறுத்தி, பந்து எங்கே போகும் என்று ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். புதியவர்களைவிட அனுபவசாலிகளே அதிகம் சரியாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய பார்வை கூர்மையானது என்பதல்ல காரணம். ஆயிரக்கணக்கான முறை கண்ட அசைவுகள் மூளையில் பதிந்திருக்கின்றன. தசையின் வேகம் குறைவதுபோல் இந்த அறிவு சீக்கிரம் குறைவதில்லை. என்னைக் கேட்டால், விளையாட்டு அறிவியலிலேயே மிக அழகான விஷயம் இதுதான்.

இத்தாலியின் பாவ்லோ மால்தினி கிளப் அளவில் 1985 முதல் 2009 வரை ஏசி மிலான் அணிக்கு மட்டுமே ஆடினார். நெடுங்காலம் இடது ஓரத்தில் ஆடியவர் பிற்காலத்தில் நடுப் பின்களத்துக்கு நகர்ந்தார். ஓரத்தில் நீண்ட ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். நடுவில் ஓட்டம் குறைவு, ஊகிக்கும் வேலை அதிகம்.

இந்த வாழ்க்கைக்கு உடல் தரும் விலையும் உண்டு. எதிராளியை நெருக்க ஓடிவந்து சட்டென நின்று திரும்பும்போது, யாரும் இடிக்காமலே முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவை இணைப்புநார் (ACL) கிழிவதுண்டு. அதிலிருந்து மீளப் பல மாதங்கள் பிடிக்கும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது தலை. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களைப் பற்றி கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிடுகையில் பின்கள வீரர்களுக்கு மறதிநோய் போன்ற நரம்புச் சிதைவு நோய்கள் ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். பந்தைத் தலையால் அதிகம் முட்டாத கோல்கீப்பர்களிடம் அப்படி ஒரு குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. தலையால் முட்டுவதுதான் ஒரே காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஆடும் இடத்தைப் பொறுத்து இவ்வளவு வேறுபாடு வருவதை ஒதுக்கித் தள்ள முடியாது.

அதே ஆண்டு இங்கிலாந்தில், பயிற்சியின்போது பலமான தலைமுட்டல்கள் வாரத்துக்கு 10-ஐத் தாண்டக் கூடாது என்ற வழிகாட்டுதல் வந்தது. நீண்ட பாஸ்கள், கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவற்றை முட்டுவது இந்தக் கணக்கில் சேரும். ஊகிக்கும் திறனை வளர்க்கவோ, தலையில் ஓர் அடிகூட வாங்காமல், பாதியில் நிறுத்திய அந்தக் காணொளிகளையே பயிற்சியாளர்கள் பயன்படுத்தலாம்.