வலிக்கவில்லை என்று நன்றி சொல்லாதீர்கள்

வைகாசி விசாகம் முடிந்து நான்காம் நாள். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் பச்சை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டுப்போடும் அறைக்குள் வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் வரை, 50 கிலோமீட்டருக்கும் மேல், செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். டெங்கு வந்து மோசமான நிலையில் கிடந்த பேத்தி பிழைத்து எழுந்தால் நடந்தே வருவதாக முருகனிடம் நேர்ந்திருந்தாராம். பேத்தி பிழைத்துவிட்டாள். இவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

காலில் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தேன். இரண்டு உள்ளங்காலிலும் தோல் ஒரே கொப்புளமாக எழும்பி நின்றது. வலது காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு துளை. இடுக்கியை விட்டு இழுத்தபோது ஒடிந்துபோன உடைமுள் ஒன்று, நகத்தின் நீளத்துக்கு, வெளியே வந்தது.

"இது எங்கே குத்தியது அண்ணாச்சி?"

"தெரியவில்லையே சிஸ்டர். கருங்குளம் தாண்டியதும் கால் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன்." பிறகு, முகமெல்லாம் மலரச் சொன்னார்: "முருகன் புண்ணியம், அத்தனை தூரத்திலும் ஒரு பொட்டு வலி தெரியவில்லை."

அந்த வாரத்தில் நான் பார்த்த நான்காவது கால் அது. நான்கு பேருக்கும் சர்க்கரை. நான்கு பேரும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். அண்ணாச்சிக்கு இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. 22 வருடமாகக் காயங்களுக்குக் கட்டுப்போட்டுவருகிறேன். இனியும் இதை அறைக்குள்ளேயே ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்றுதான் எழுதுகிறேன்.

சர்க்கரை உள்ளவருக்குக் காலில் வலி தெரியாமல் இருப்பது அருள் அல்ல. அது நோய். காலில் உணர்ச்சி போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வைகாசி மாதத்து நடுப்பகலில் தார்ச்சாலையில் வெறுங்காலை வைத்தால் யாருக்கும் சுட வேண்டும். சுடவில்லை என்றால் சாலை குளிர்ந்துவிடவில்லை, உங்கள் கால் மரத்துவிட்டது. முள் குத்தினால் "ஆ" என்று காலைத் தூக்க வேண்டும். தூக்காமல் அடுத்த அடி வைத்தால், அந்த அடி முள்ளை இன்னும் உள்ளே இறக்கும். ஆயிரம் அடி வைத்தால் ஆயிரம் முறை இறக்கும்.

இன்னொரு வகையினரும் வருகிறார்கள். "முன்பெல்லாம் இரவில் பாதம் தீயாக எரியும், இப்போது எரிச்சல் நின்றுவிட்டது, குணமாகிவிட்டது" என்பார்கள். நின்றதற்கு நன்றியாக உவரி அந்தோணியார் கோயிலில் வெள்ளியில் கால் வாங்கிக் காணிக்கை போட்ட அம்மா ஒருவர் உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரையோடு வருடக்கணக்கில் இருந்தவருக்கு எரிச்சல் தானாக நின்றால் நரம்பு தேறியது என்று எண்ணாதீர்கள். எரிகிறது என்று சொல்லக்கூட அந்த நரம்புக்குச் சீவன் இல்லாமல் போயிருக்கலாம். எரிச்சல் நின்ற நாளில்தான் மருத்துவரிடம் ஓடி வரவேண்டும்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களை வருடக்கணக்கில் கவனித்தார். நோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை உலகம் நம்பியிருந்தது. வலி தெரியாததால் சூட்டையும் வெட்டையும் உணராமல், காயத்தோடேயே வேலை செய்து செய்துதான் விரல்கள் அழிகின்றன என்று அவர் காட்டினார். இரவில் தூங்கும்போது எலி கடித்துப்போவதுகூடத் தெரியாதவர்கள் அவருடைய நோயாளிகளில் இருந்தார்கள். பின்னாளில் அமெரிக்காவில் இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் அவர் சொன்னார். வலியைக் கடவுள் தந்த கொடையாகவே கருதிய மனிதர். நன்றி சொல்வதென்றால் வலி தெரிகிறதே என்பதற்காகச் சொல்லுங்கள்.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு நைலான் இழை இருக்கிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். உங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, விரல் நுனியிலும் பாதத்தின் அடியிலும் அதை மெல்ல வைப்போம். தொட்டது தெரிந்தால் சொல்லவேண்டும், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்துகொள்ளாமல் பாதயாத்திரைக்கு மாலை போடாதீர்கள். மண்டபத்துக்கும் மேளத்துக்கும் ஆறு மாதம் முன்பே ஏற்பாடு செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம் எப்படிக் கிடைக்காமல் போகிறது?

முருக பக்தர்களை மட்டும் சொல்லவில்லை. நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு இன்சுலினை நிறுத்திவிட்டு, மயக்கமாகத் தூக்கிவரப்பட்டவர்களை எங்கள் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களின் காலும் இதே கால்தான். நோன்பானாலும் கந்த சஷ்டி விரதமானாலும், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சாப்பிடாமல் வழக்கமான அளவைப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

இதையெல்லாம் எனக்கு முதலில் கற்பித்தவர் என் மாமியார். 2011-இல், கால் குளிர்கிறது என்று வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொதித்தது அவருக்குத் தெரியவில்லை. நான் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது தோல் கழன்றிருந்தது. மருத்துவமனையில் நாள்தோறும் அடுத்தவர் காலைப் பார்க்கிற நான், என் வீட்டுக் காலைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் இரவு, குடும்ப ஜெபத்தில் அவர் முறை வந்தபோது, "இருக்கிற காலுக்காக ஸ்தோத்திரம், அதைத் துடைத்துவிடுகிற மருமகளின் கைக்காக ஸ்தோத்திரம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. போன காலுக்கு யார் பதில் சொல்வது என்று மனத்துக்குள் சண்டை போட்டேன். ஆனால் அந்த ஜெபத்துக்குப் பிறகு, இருக்கிற அந்த ஒரு காலை அவர் காத்த விதம் இருக்கிறதே! காலையும் மாலையும் கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்ப்பார். செருப்பை உதறாமல் போடமாட்டார். எட்டு வருடம், கடைசி நாள் வரை, அந்தக் காலில் ஒரு கீறல் விழவில்லை. அவர் சொன்ன ஸ்தோத்திரத்தின் பொருள் எனக்கு அந்த எட்டு வருடத்தில்தான் விளங்கியது.

இப்போது என் கணவருக்கு இன்சுலின். எனக்கும் மூன்று வருடமாகச் சர்க்கரை. இரவு ஜெபம் முடிந்து வேதப் புத்தகத்தை மூடியதும் டார்ச்சை எடுப்போம். அவர் பாதத்தை நான் பார்ப்பேன், என் பாதத்தை அவர் பார்ப்பார். விரல் இடுக்குகளையும் விரித்துப் பார்ப்போம். உங்கள் வீட்டில் விளக்கேற்றிய பிறகு செய்யுங்கள், தொழுகைக்குப் பிறகு செய்யுங்கள். கும்பிட்ட கையோடு செய்தால் மறக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள், எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பாக இருந்தால் நல்லது. புதுச் செருப்பை மாலையில் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. கால் ஆணியைப் பிளேடால் செதுக்காதீர்கள், கார்ன் பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். புண்ணில் காப்பித்தூள், மஞ்சள் பற்று, பற்பசை எதையும் அப்பாதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் எனக்கு அரை மணி நேரம் போகிறது, உங்களுக்குச் சதை போகிறது. சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே வாருங்கள். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினாலும் அன்றைக்கே வாருங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். காலை ஊன்றி நடந்து வராதீர்கள், ஆட்டோவில் வாருங்கள். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். அதனால் கல்தளம் சூடேறுவதற்கு முன், அதிகாலையில் போய்வாருங்கள்.

அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பிய அன்று என்னிடம் கேட்டார்: "நடக்கக் கூடாது என்றால், இனி நான் அவனுக்கு என்ன செய்வது சிஸ்டர்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "பிள்ளையைக் கொடுத்தவன் காலையா கேட்பான்? வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள்." அப்படியே முடிவாயிற்று. அடுத்த விசாகத்துக்குக் கருங்குளத்தில் தண்ணீர்ப் பந்தல் போடப்போகிறார்.

போன வாரம் பேத்தியோடு கட்டு மாற்ற வந்தவர், அந்த நைலான் இழை ஒன்று தருவீர்களா என்றார். பந்தலுக்கு வருகிறவர்களிடம் "சர்க்கரை உண்டா?" என்று கேட்டு, உண்டு என்றால் தொட்டுப் பார்க்கப்போகிறாராம். ஒன்றைக் கொடுத்து, எங்கெங்கே வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேத்தியின் கண்ணை மூடச் சொல்லி, அவளுடைய சின்ன உள்ளங்காலில் இழையை மெல்ல வைத்தார். அவள் கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்குத் தெரிகிறது சிஸ்டர்" என்றார் அண்ணாச்சி. அவர் கண் கலங்கியிருந்தது.