கிராஃப்டிவிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

திருகோணமலையில் தையல் பழகும் பிள்ளைகள் சிலர் துணிப் பதாகை ஒன்று செய்ய வெளிக்கிட்டார்கள். “அண்ணை, கிராஃப்டிவிசத்துக்குத் தமிழ் என்ன?” என்று கேட்க, யோசிக்காமல் ‘கைவினைச் செயற்பாடு’ என்றேன். ஒருத்தி சிரித்துவிட்டாள். பாடப்புத்தகத்தில் ‘செயற்பாடு 1, செயற்பாடு 2’ என்று வருமே, கடதாசியை வெட்டு, பசையைப் பூசு என்று. அந்த மணம்தான் அதில் அடித்தது.

ஆங்கிலத்தில் இது ஒட்டுப்போட்ட சொல். கைவினையைக் குறிக்கும் ‘கிராஃப்ட்’டோடு, சமூக மாற்றத்துக்காக இயங்குவதைக் குறிக்கும் ‘ஆக்டிவிசம்’ என்பதன் வாலைப் பொருத்தியிருக்கிறார்கள். 2003 அளவில் இதைப் பரப்பியவர் அமெரிக்கரான பெட்சி கிரீர். ஊசி, நூல், தறி, பின்னல் ஊசி கொண்டு ஓர் அநீதியைப் பற்றியோ சூழல் கேட்டைப் பற்றியோ பேசுவது என்று பொருள் கொள்ளலாம். பழைய ஆங்கிலத்தில் ‘கிராஃப்ட்’ என்றால் வலிமை. நம்முடைய ‘வினை’யும் லேசுப்பட்டதல்ல: அகப்பாட்டில் தலைவன் வினைமேற் சென்றான் என்றால் போருக்கும் போயிருப்பான். ஆனால் இன்றைக்குக் ‘கைவினை’ என்றதும் பனையோலைப் பெட்டிதான் கண்ணுக்கு வருகிறது.

சொல் புதிது, செய்கை பழையது. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம்வரை போனது கதர் நிதி திரட்டத்தான். எனினும் இந்தச் சொல்லை விளக்க எனக்குச் சிலி நாட்டு ‘அர்ப்பியேரா’வைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்ததில்லை. ஸ்பானிய மொழியில் அது சாக்குத்துணி. 1973இல் இராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பறித்தபின், பிள்ளைகளையும் கணவன்மாரையும் காணாமற் கொடுத்த பெண்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் நிழலில் கூடினார்கள். சாக்குத்துணியில் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்து, நடந்ததைப் படமாக்கினார்கள். ‘எங்கே அவர்கள்?’ என்ற கேள்வியையும் தைத்தார்கள். சிலர் காணாமற்போனவரின் உடுப்பிலிருந்தே துண்டு வெட்டினார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. காணாமற்போன பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தியபடி வீதியோரம் இருக்கும் தாய்மாரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள்.

சூழல் பக்கமும் உண்டு. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயை வட்டமாகப் போடும்போது சுற்றுக்குச் சுற்றுக் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரம் சுருண்டு எழும். டைனா டைமினா என்ற கணிதவியலாளர் 1997இல் ஹைபர்போலிக் என்ற, சுருண்டு விரியும் கணித வடிவத்தை இப்படித்தான் பின்னிக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு 2005இல் மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் பவளப்பாறையையே பின்னத் தொடங்கினார்கள், அழிகிற பவளத்தைப் பார்க்க வைப்பதற்காக. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் தண்ணீருக்குள் முகம் வைத்தவர்களுக்கு அந்தச் சுருள் தெரியும். (கிராஃப்டிவிசம் பரவிய அதே 2003இல்தான் புறாத்தீவு தேசியப் பூங்காவானது. பவளத்தின்மேல் ஏறி நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) எனக்கொரு குறை: பவளத்துக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் அக்ரிலிக் நூலில் பின்னினால் அதுவும் பிளாஸ்டிக்தானே? பழஞ்சீலையைக் கிழித்து நூலாக்கினால் என்ன?

சரி, தமிழுக்கு வருவோம். ‘கைவினைப் போராட்டம்’ என்றால் நெசவாளர் கூலி கேட்டு நிற்பதாகப் படும். அதோடு, எங்கள் பக்கம் ‘போராட்டம்’ என்ற சொல்லின்மேல் முப்பது வருடப் போரின் பாரம் ஏறியிருக்கிறது. ‘கிளர்ச்சி’ என்றாலோ 1971 ஜே.வி.பி. கிளர்ச்சி வந்து நிற்கும்.

பழந்தமிழில் தையலுக்குத் ‘துன்னம்’ என்று பெயர். தையற்காரரைச் சிலப்பதிகாரம் ‘துன்னகாரர்’ என்கிறது. பொருநராற்றுப்படையில் வறிய பொருநனின் உடை ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’: வேறு வேறு இழை நுழைத்துத் தைத்த கந்தல். ஒட்டுத்தையலுக்கு இதைவிட நுட்பமான சொல்லோவியம் நான் பார்க்கவில்லை. ஆனாலும் ‘துன்ன’த்தைப் பதாகையில் போட்டால் யாருக்கு விளங்கும்? திருக்கடலூரில் வலை பொத்துகிறவரிடம் ‘பொத்துதல்’ என்றால் உடனே விளங்கும். அது பழுது பார்ப்பதை மட்டுமே சொல்கிறது, பேசுவதைச் சொல்லவில்லை.

பேசுவதுதானே இங்கே முக்கியம். நியாயத்துக்காகக் குரல் கொடுப்பது என்று நாங்கள் வழக்கமாகச் சொல்கிறோம். ஆகவே என் தெரிவு ‘கைவினைக்குரல்’. அகராதியில் தேடாதீர்கள், நான் கட்டியது. துணி, நூல் வேலையை மட்டும் குறிக்க ‘இழைக்குரல்’ என்றும் சொல்லலாம். செய்பவரைக் ‘கைவினைக்குரலாளர்’ என்றால் நாக்கு இடறுகிறது. அதற்குச் செயற்பாட்டாளரே போதும்.

பிள்ளைகள் பதாகையில் நீல நூலால் ‘கைவினைகுரல்’ என்று தைத்துக்கொண்டு வந்தார்கள். ஒற்று மிகும் என்று சொன்னேன். நீல நூல் முடிந்திருந்தது. இடுக்கில் ஒரு சின்னக் ‘க்’கைச் சிவப்பு நூலால் நுழைத்துவிட்டார்கள்.