பெட்ரோல் டேங்க் பக்கத்து டியூப்பைக் குனிந்து பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஒரு மார்க் 4 அம்பாசடர் வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. "மேடு ஏறும்போது இழுக்கவே மாட்டேங்குது தம்பி. கார்புரேட்டரை ரெண்டு தடவை கழட்டி மாட்டியாச்சு. பெட்ரோலை இழுக்கிற ஏ.சி. பம்புக்கு ரிப்பேர் கிட்டும் போட்டாச்சு" என்றார். சமதளத்தில் நன்றாக ஓடும். மேட்டில் அழுத்தி மிதித்தால் மிஸ் அடித்து, மூச்சு வாங்கி நின்றுவிடும். ஐந்து நிமிஷம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

பானெட்டை மூடிவிட்டு அடியில் போய்ப் படுத்தேன். டேங்க்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் எப்போதோ துருப்பிடித்து, அந்த இடத்தை வெட்டிவிட்டு ஒரு சாண் ரப்பர் டியூப் போட்டிருந்தார்கள். வெளியே பளபளப்பாகத்தான் இருந்தது. கழற்றி பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள் ரப்பர் ஊறி உப்பி, ஒரு பக்கம் உரிந்து நாக்கு போலத் தொங்கியது. மெதுவாக ஓட்டும்போது அதன் ஓரமாகப் பெட்ரோல் வந்துவிடும். எஞ்சின் அதிகம் கேட்டால் பம்ப் இழுக்கிற இழுப்பில் நாக்கு எழும்பி வழியை அடைத்துக்கொள்ளும்.

பழைய கார்களில் பம்ப் முன்னால் எஞ்சினோடு இருக்கிறது. டேங்க்கிலிருந்து அதுவரை உள்ள பாதை முழுக்க உறிஞ்சுகிற பாதை. அங்கே டியூப்பில் வெடிப்பு விழுந்தால், ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். சொட்டு விழாததால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, பழி கார்புரேட்டர் மேல் விழுகிறது. டேங்க்கை நிரப்பி, வண்டியைப் போர்ட்டிகோவில் நிறுத்தியபின்தான் அதே வெடிப்பு கசியத் தொடங்கும். வீட்டை ஒட்டி, பூட்டிய இடத்தில், ராத்திரியில். எனக்குப் பயம் அதில்தான்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. அந்தக் காலத்து டியூப்புகள் எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இன்று பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய நைட்ரைல் ரப்பர் அதில் ஊறி உப்புகிறது, காய்ந்ததும் வெடிப்பு விடுகிறது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் மோசம்.

மாற்றுவதற்கு வாங்கும்போது டியூப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ ஜே30 ஆர்9 என்று இருந்தால் உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும், எத்தனாலைத் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் வாங்கப்போவது ஒன்றிரண்டு மீட்டர். டேங்க்குக்கு உள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் டியூப்புக்கு இது உதவாது, அதற்கு ஆர்10 வேண்டும். தண்ணீர் மட்டம் பார்க்கிற, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப்பை மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். சில மாதத்தில் மஞ்சளாகி, கட்டையாகி, தானாகவே நழுவும். குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கால் இஞ்ச்சும் 6 மில்லிமீட்டரும் ஒன்றல்ல. லூஸான டியூப்பைக் கிளிப்பை இறுக்கிச் சரிக்கட்ட முடியாது. பட்டையில் துளை போட்ட கிளிப் ரப்பரைக் கடித்துவிடும், ஓரம் மடித்த கிளிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பட்டறைக் குழியின் மேல் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் இறங்கித் தேங்கிக்கொள்ளும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வெளிச்சத்துக்கு சார்ஜ் லைட் போதும். கம்பிவலைக்குள் குண்டு பல்பு போட்ட விளக்கு கீழே விழுந்து உடைந்தால் அந்தப் பொறியே போதும். டேங்க்கைக் காலிசெய்யக் கைப்பம்ப் வைத்துக்கொள்ளுங்கள். வாய் வைத்து உறிஞ்சுவது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் ஒரு மடக்கு புரையேறினால் பெட்ரோல் நேரே நுரையீரலுக்குப் போய் அதைப் புண்ணாக்கிவிடும்.

பழைய டியூப் வர மறுத்தால் முறுக்காதீர்கள். டேங்க் வாயில் பற்றவைத்த மூக்கு விரிசல் விட்டுவிடும். அப்புறம் அதை மறுபடி பற்றவைக்க ஆள் தேடுவீர்கள். காலி டேங்க்கில் ஆவிதான் நிறைந்திருக்கும், நெருப்பு காட்டினால் வெடிக்கும். அதனால் டியூப்பை நீளவாக்கில் கீறி உரித்து எடுப்பதே நல்லது. புது டியூப் குழாய் முனையின் புடைப்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். வழியில் மடிப்பும் கூடாது, சைலன்சர் உரசலும் கூடாது.

பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்க்குக்கும் நடுவே உள்ள பருத்த ரப்பரையும், மெல்லிய காற்றோட்ட டியூப்பையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கால் டேங்க்கில் இவை கசியாது, ஃபுல் டேங்க்கில்தான் கசியும். அதனால் நான் வேலை முடித்ததும் முழுக்க நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி வெளியிலேயே நிறுத்திவைப்பேன். வாத்தியார் வண்டிக்கும் அப்படித்தான். காலையில் தாள் காய்ந்து கிடந்தது. சாவியை அவர் கையில் கொடுத்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கிளிப்புகளைப் பார்க்க மறுபடி வரச் சொன்னேன்.