போட்டுல கருவி மாட்டுறப்போ கரண்ட் எந்த வழியா திரும்புதுன்னு பாருங்க

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம். அந்த நேரத்துல அக்கரைப்பேட்டை, பழையாறு, காரைக்கால், மல்லிப்பட்டினம்னு எங்க போனாலும் விசைப்படகை கரை ஏத்தி வச்சு பெயிண்ட் வேலை, பலகை வேலை, எஞ்சின் வேலைன்னு நடந்துகிட்டு இருக்கும், புதுசா எதாவது கருவி மாட்டணும்னாலும் பெரும்பாலும் அப்பதான் மாட்டுவாங்க. இப்ப அந்த வரிசையில டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்துடுச்சு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல 364 கோடி ரூபா ஒதுக்கி 1 லட்சம் படகுக்கு மாட்டுறதுக்கான வேலைய 2024 ஆகஸ்ட் 30ஆம் தேதி தொடங்கி வச்சாங்க. போட் எங்க நிக்குதுன்னு சாட்டிலைட் வழியா கரைக்கு சொல்லும், புயல் வருதுன்னு கரையிலேர்ந்து போட்டுக்கு சேதி அனுப்பலாம், ஆபத்துன்னா பட்டனை அமுக்கலாம். கோடியக்கரைக்கு தெக்க தொழில் பண்றவங்களுக்கு எல்லைக்கோடு கிட்ட வந்துடுச்சுன்னு எச்சரிக்கையும் கிடைக்கும்.

ஆனா கரையில மாட்டுனப்ப பச்சை லைட் அழகா எரிஞ்ச கருவி, கடல்ல ரெண்டு மாசம் ஓடுனதும் விட்டு விட்டு ஆஃப் ஆகுது, இல்லன்னா செத்தே போயிடுது. உடனே எல்லாரும் பெட்டியதான் திட்டுறாங்க. பெட்டி கடலுக்குன்னே செஞ்சது, அது அவ்வளவு லேசுல சாகாது. கோளாறு முக்காவாசி பேட்டரியிலேர்ந்து பெட்டி வரைக்கும் போற வயர்லதான் இருக்கும், அதுலயும் பிளஸ் வயரைவிட மைனஸ் வயர்ல.

எதனாலன்னா, நம்ம பக்கம் போட்டுக்கு வயரிங் பண்றவங்க பல பேர் லாரி, டிராக்டர்ல தொழில் கத்துக்கிட்டு வந்தவங்க, கை சுத்தமான வேலைக்காரங்கதான், அதுல குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. லாரியில ஒரு பல்பு எரியணும்னா ஒரே ஒரு வயர் இழுத்தா போதும், திரும்பி வர்ற கரண்ட் சேசிஸ் இரும்பு வழியாவே பேட்டரி மைனஸுக்கு வந்துடும், பாடி எர்த்னு அதைத்தான் சொல்றோம். லாரி ரப்பர் டயர் மேல காத்துல நிக்குது, அதனால பிரச்சனையே இல்ல. போட் நிக்கிறது உப்புத் தண்ணியில. கரண்ட் எப்பவுமே ஒரே வழியில போறதில்ல, எத்தனை வழி கிடைக்குதோ அத்தனையிலயும் பிரிஞ்சு போகும், தடை (ரெசிஸ்டன்ஸ்) கம்மியா இருக்கிற வழியில நிறைய, அதிகமா இருக்கிற வழியில கொஞ்சம். இரும்பு போட்டுல பாடி எர்த் எடுத்தா கரண்ட்ல பெரும்பங்கு இரும்பு வழியா போயிட்டு, மிச்சம் கொஞ்சம் இரும்பை விட்டு வெளிய இறங்கி கடல் வழியா சுத்தி திரும்ப இரும்புல ஏறும்.

அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. உலோகத்தை விட்டு கரண்ட் தண்ணிக்குள்ள இறங்குற இடத்துல இரும்பு அணு எலக்ட்ரானை விட்டுட்டு அயனியா கரைஞ்சு தண்ணியில போயிடுது. எவ்வளவு கரண்ட்டுக்கு எவ்வளவு உலோகம் கரையும்னு மைக்கேல் ஃபாரடே 1830கள்லயே கணக்கு சொல்லிட்டாரு. அந்தக் கணக்குப்படி 1 ஆம்பியர் ஒரு வருஷம் விடாம கசிஞ்சா சுமார் 9 கிலோ இரும்பு காலி, செம்புன்னா 10 கிலோவுக்கு மேல. பத்துல ஒரு பங்கு ஆம்பியர் கசிஞ்சாலே மாசத்துக்கு 75 கிராம் இரும்பு போகும். இது போட் முழுக்க பரவலா போனா கூட பரவாயில்ல, ஆனா பெயிண்ட் உரிஞ்ச ஒரு புள்ளியில மட்டும் போகும், அதனாலதான் சுத்தியெல்லாம் தகடு நல்லா இருக்கும், நடுவுல ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழும்.

மர போட், ஃபைபர் போட்னா தப்பிச்சோம்னு நினைக்க வேண்டாம். எஞ்சின் பிளாக் பெரும்பாலும் பேட்டரி மைனஸோட சேர்ந்திருக்கும், பிளாக்லேர்ந்து ஷாப்ட், ஷாப்ட்லேர்ந்து காத்தாடி (புரொப்பல்லர்), காத்தாடி கடல்ல. அப்ப மைனஸ் ஏற்கனவே கடலை தொட்டுகிட்டுதான் இருக்கு. இப்ப அடியில தேங்கி நிக்கிற தண்ணியில தோல் உரிஞ்ச ஒரு பிளஸ் வயர் நனைஞ்சுதுன்னு வைங்க, பக்கத்துல எஞ்சினுக்கு கடல் தண்ணி எடுக்கிற பித்தளை வால்வு இருக்கும், கரண்ட் அந்த வால்வுல ஏறி வெளிக்கடல்ல இறங்கி காத்தாடிக்கு போகும். வால்வு கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு ஒருநாள் உதிரும், நடுக்கடல்ல போட்டுக்குள்ள தண்ணி ஏறும். ஒரு சின்ன வயர் உரிஞ்சதுதான் காரணம்னு யாருக்கும் தோணாது.

அதனால எந்தக் கருவியா இருந்தாலும் பிளஸ் ஒரு வயர், மைனஸ் ஒரு வயர், ரெண்டும் சேர்ந்தே பேட்டரி வரைக்கும் போகணும். போட்டை ஓட்டுற வீல் ஹவுஸ்ல கையில கிடைச்ச போல்ட்ல மைனஸை முடுக்கிட்டு வர்ற பழக்கத்தை விட்டே ஆகணும்.

இதுல இன்னொரு திருட்டு வழி இருக்கு, அனுபவசாலிங்க கூட கவனிக்க மாட்டாங்க. ஆன்டெனா கேபிள்ல நடுக்கம்பிய சுத்தி ஒரு வலை இருக்குல்ல, அது பல கருவியில உள்ளுக்குள்ள மைனஸோட இணைஞ்சிருக்கும். ஆன்டெனாவை இரும்பு மாஸ்ட் கம்பத்துல நேரா கிளாம்ப் போட்டா வலை வழியா மைனஸ் போட் உடம்பை தொட்டுடும். நாம அழகா ரெண்டு வயர் இழுத்தும் பிரயோஜனம் இல்லாம போயிடும். அந்த மாதிரி கருவின்னா ஆன்டெனாவுக்கும் மாஸ்டுக்கும் நடுவுல நைலான் பிராக்கெட் வச்சு மாட்டணும்.

இந்த வலை வழி ரொம்ப மோசமா கடிக்கிறது வெல்டிங் நடக்கிறப்பதான். தடைக்காலத்துல இரும்பு போட்னா வெல்டிங் இல்லாம இருக்காது, 100, 150 ஆம்பியர் ஓடும், வெல்டரு எர்த் கிளாம்ப்பை முன்னாடி எங்கயோ மாட்டிட்டு பின்னாடி பத்த வைப்பாரு, கரண்ட் திரும்ப வழி தேடி ஆன்டெனா வலைக்குள்ள புகுந்து டிரான்ஸ்பாண்டர் சர்க்யூட் வழியா மைனஸ் வயர்ல இறங்கும். பெட்டி அந்த நொடியே போச்சு. அதனால வெல்டிங் முடிஞ்சப்புறம் கருவிய மாட்டுங்க, ஏற்கனவே மாட்டியிருந்தா பவரையும் ஆன்டெனாவையும் ரெண்டையும் கழட்டி வச்சுட்டு வெல்டிங்குக்கு விடுங்க, எர்த் கிளாம்ப்பை பத்த வைக்கிற இடத்துக்கு பக்கத்துலயே மாட்ட சொல்லுங்க.

ஃபியூஸுக்கு வருவோம். ஃபியூஸ் கருவிய காப்பாத்துறதுக்குன்னு நெனச்சுகிட்டு கருவி பக்கத்துல போடுறாங்க, ஃபியூஸ் காப்பாத்த வேண்டியது வயரை. நல்ல பேட்டரி ஷார்ட் ஆனா நூத்துக்கணக்குல ஆம்பியர் தள்ளும், மெல்லிசு வயர் ரெண்டு மூணு செகண்டுல பழுத்து எரியும், பக்கத்துல டீசல். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல இருக்கிற வயருக்கு காவலே கிடையாது, அதனால அந்த நீளம் ஒரு சாணுக்குள்ள இருக்கணும். பேட்டரி பெட்டிக்குள்ளயே வச்சுடலாமேன்னு சில பேர் வைப்பாங்க, அது கூடாது, சார்ஜ் ஏறுறப்ப லெட் ஆசிட் பேட்டரியிலேர்ந்து ஹைட்ரஜன் வரும், காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். பெட்டிக்கு வெளிய, காத்தாட, ஆனா கிட்டக்க. வேலை ஆரம்பிக்கிறப்ப எஞ்சினை நிறுத்திட்டு மைனஸ் டெர்மினலை முதல்ல கழட்டணும், முடிச்சப்புறம் அதைத்தான் கடைசியா மாட்டணும், நடுவுல ஸ்பேனர் எஞ்சின்ல பட்டாலும் பொறி வராது.

வயர் கனம் பத்தி ஒரு கணக்கு போட்டு பாக்கலாம். பேட்டரியிலேர்ந்து கருவி 10 மீட்டர்னா கரண்ட் போயிட்டு வர 20 மீட்டர். போட்டுக்கு போட் பேசுற 25 வாட் விஎச்எஃப் ரேடியோ செட்டு பேசுற நேரத்துல 5 ஆம்பியர் கிட்ட இழுக்கும். வீட்டு வயரிங்ல மிஞ்சுன 1.5 சதுர மி.மீ. வயரை போட்டா வழியிலயே 1.1 வோல்ட்டுக்கு மேல தொலையும், 6 சதுர மி.மீ. போட்டா 0.3 வோல்ட்தான். பேட்டரி ராத்திரி பூரா லைட் எரிஞ்சு 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தா முதல் வயர்ல செட்டுக்கு போய் சேர்றது 11க்கும் கீழ, அப்ப கேக்குறது கேக்கும், பட்டனை அமுக்கி பேசுனா செட் அணைஞ்சு அணைஞ்சு எரியும். ஆபத்துல கூப்பிடுற ஆளுக்கு இந்த ஒரு வோல்ட்தான் உசுரு. டிரான்ஸ்பாண்டர் இவ்வளவு இழுக்காது, ஆனா எஞ்சின் ஸ்டார்ட் பண்றப்ப வோல்ட் தடால்னு இறங்கும், ஸ்டார்ட்டருக்கு தனி பேட்டரி, கருவிக்கு தனி பேட்டரின்னு வச்சுகிட்டா இந்தத் தொல்லையே இல்ல.

வயர்லயும் வெள்ளீயம் பூசின செம்பு, பல இழை உள்ளதா பாத்து வாங்குங்க. வீட்டுக்கு போடுற ஒத்தைக் கம்பி வயர் எஞ்சின் அதிர்வுல வளைஞ்சு வளைஞ்சு உள்ளுக்குள்ளயே முறியும், மேல தோல் நல்லா இருக்கிறதால கண்ணுக்கு தெரியாது. பூச்சு இல்லாத செம்பு இழைன்னா விளக்குத்திரி எண்ணெய இழுக்குற மாதிரி உப்புத் தண்ணிய தோலுக்குள்ள இழுத்துக்கும், நுனியில டேப்பை பிரிச்சா பச்சை, ஒரு அடி தள்ளி வெட்டிப் பாத்தாலும் கறுப்பு. முறுக்கி டேப் சுத்துற ஜாயின்ட் கடல்ல ஒரு சீசன் தாங்காது. சால்டர் மட்டும் வச்சாலும் போதாது, சால்டர் இறங்கி விறைச்ச இடமும் நெகிழ்வான இழையும் சேர்ற விளிம்புல அதிர்வு முறிச்சுடும். வயர் நுனியில மாட்டுற லக்கை சரியான கிரிம்பிங் டூல்ல அமுக்கி, உள்ளுக்குள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு சூடு காட்டுறதுதான் வழி. பெட்டிக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி வயரை கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி ஒரு வளைவு விட்டுட்டா தண்ணி அங்கேயே சொட்டி போயிடும்.

பெட்டி ஐபி67னு எழுதியிருக்கேன்னு நம்பி வெயில் நேரா அடிக்கிற இடத்துல வச்சுடாதீங்க. 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் முக்கி பாத்ததுக்குத்தான் அந்த நம்பர். பகல்ல சூடேறி உள்ள இருக்கிற காத்து விரியும், சாயங்காலம் ஒரு அலை நனைச்சதும் குளிர்ந்து சுருங்கும், அப்ப உள்ள அழுத்தம் குறைஞ்சு வயர் நுழையிற இடத்துல சரியா முடுக்காத கிளாண்டு வழியா ஈரத்தை உறிஞ்சும். தினமும் இதே கதை நடந்தா எந்த ரப்பரும் தளர்ந்துடும்.

ஆன்டெனாவை எங்க வைக்கிறதுங்கிறது ஒவ்வொண்ணுக்கும் வேற. விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போறது, பூமி வளைவு மறைச்சுடும், உயரம்தான் தூரம். ரெண்டு போட்டுலயும் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்துல இருந்தா சுமார் 16 கிலோமீட்டர், 9 மீட்டர்ல இருந்தா 24க்கு மேல. டிரான்ஸ்பாண்டருக்கு உயரம் தேவையே இல்ல. அது பேசுற ஜிசாட் 6 சாட்டிலைட் 83 டிகிரி கிழக்குல, பூமத்திய ரேகைக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர்ல நிக்குது. நாகப்பட்டினம் கிட்டத்தட்ட 80 டிகிரி கிழக்கு, 11 டிகிரி வடக்கு, அப்ப சாட்டிலைட் நம்ம உச்சந்தலைக்கு மேல, கொஞ்சமா தெக்க சாஞ்சு இருக்கும். மேல பாக்குற வானம் திறந்திருந்தா போதும். மாஸ்ட் உச்சியில கொண்டு போய் வச்சா ஆட்டமும் அதிகம், இடியும் அதிகம். வீல் ஹவுஸ் கூரை மேல போதும், ஆனா அதே இடத்துல ஈர மீன் வலைய குமிச்சு வைக்கிற பழக்கம் இருந்தா மொத்தமும் வீண், உப்புத் தண்ணி ஊறுன வலை ரேடியோ அலைய நல்லா முழுங்கிடும். விஎச்எஃப் ஆன்டெனாவுக்கும் டிரான்ஸ்பாண்டருக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்க. திசைகாட்டிக்கு பக்கத்துல ஸ்பீக்கரும் வேண்டாம், பவர் வயரும் வேண்டாம், போயே ஆகணும்னா பிளஸ் மைனஸ் ரெண்டையும் முறுக்கி விட்டா காந்தப்புலம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்.

கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல கேமராவும் வலை இழுக்குற வின்ச் சுத்துறதை எண்ணுற சென்சாரும் வச்சு மீன்பிடிப்ப கண்காணிக்கிறாங்க. இங்க அது வந்தாலும் வயரிங் விதி இதேதான், கூடுதலா வின்ச் கிட்ட போற வயர் கயித்துல மாட்டாதபடி குழாய்க்குள்ள விடணும், அவ்வளவுதான்.

கடைசியா மல்டிமீட்டர் வச்சு ரெண்டு சோதனை. எல்லா கருவியையும் ஆன் பண்ணி, விஎச்எஃப்ல காலியா இருக்கிற ஒரு சேனல்ல பேசுற பட்டனை அமுக்கிகிட்டே பேட்டரி மைனஸுக்கும் செட்டோட மைனஸுக்கும் நடுவுல வோல்ட் பாருங்க, 0.3க்கு மேல காட்டுனா அந்த வழியில எங்கயோ ஜாயின்ட் கெட்டிருக்கு. அடுத்தது எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு பேட்டரி மைனஸை கழட்டி, அந்த இடைவெளியில மீட்டரை ஆம்பியர்ல வச்சு பாருங்க, எஞ்சினை மட்டும் அப்ப ஸ்டார்ட் பண்ணக்கூடாது, மீட்டர் போயிடும். எதுவும் ஓடாதப்ப கரண்ட் காட்டுனா எங்கயோ கசியுது, ஃபியூஸை ஒவ்வொண்ணா பிடுங்கி எதுல நிக்குதுன்னு கண்டுபிடிச்சுடலாம். ஆபத்து பட்டன் வேலை செய்யுதான்னு மட்டும் அமுக்கி பாக்காதீங்க, கரையில தேடுதல் வேலையே ஆரம்பிச்சுடும், மாட்ட வர்றவங்ககிட்ட டெஸ்ட் பண்ற முறைய கேட்டு வச்சுக்கங்க. தடை முடிஞ்சு முதல் தங்கல் போயிட்டு வந்ததும் எல்லா லக்கையும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டு பாத்துடுங்க, புது நட்டு அந்த முதல் அதிர்வுலதான் தளரும்.