ரிங் போட்டாச்சு, சரி. அலாரம் வயர் எங்கே?

அம்பத்தூர், ஒரகடம் பக்கம் பேனல் வேலைக்குப் போகும்போது, தொழிற்சாலை இயந்திரங்களை நெட்வொர்க்கில் இணைக்கும் இண்டஸ்ட்ரியல் ஈதர்நெட் சுவிட்சில் நான் முதலில் பார்ப்பது பவர் டெர்மினலைத்தான். பல மாடல்களில் 24 வோல்ட் டி.சி. சப்ளையை இரண்டு வழியாகக் கொடுக்கலாம். இரண்டிலும் வயர் இருக்கும். தேடிப் பார்த்தால் இரண்டும் ஒரே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (24 வோல்ட் தரும் பவர் சப்ளை) போய் முடியும். அது போனால் சுவிட்சும் போச்சு. தனித்தனி எஸ்.எம்.பி.எஸ்., தனித்தனி எம்.சி.பி. (பிரேக்கர்) கொடுங்கள்.

சுவிட்சுகளை வளையமாகக் கோர்க்கும் ரிங்கிலும் இதே கவனம் வேண்டும். கடைசி கேபிளைச் செருகி வளையத்தை மூடுவதற்கு முன்பே எல்லா சுவிட்சிலும், தரவு வளையத்தில் சுற்றாமல் ஒரு வழியை அடைத்து வைக்கும் ஆர்.எஸ்.டி.பி. அல்லது எம்.ஆர்.பி. நெறிமுறை செட் ஆகியிருக்க வேண்டும். எம்.ஆர்.பி. என்றால் பொதுவாக ஒரு சுவிட்ச் மேனேஜர், மற்றவை கிளையன்ட். இப்படிச் செட் செய்யாவிட்டால் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் (எல்லோருக்கும் போகும் தரவு) ஓயாமல் சுற்றி, சில நொடிகளிலேயே இயந்திரத்தை இயக்கும் பி.எல்.சி.க்கும் அதைத் திரையில் கண்காணிக்கும் ஸ்கேடாவுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதனால் ஐ.பி. முகவரி, புது பாஸ்வேர்டு, ரிங் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தே செட் செய்யுங்கள். பல மாடல்களில் அப்ளை வேறு, சேவ் வேறு. அப்ளையோடு விட்டால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் அழிந்துவிடும். பவரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பேனலுக்குள் இருக்கும் டின் ரெயில் பட்டையில் மாட்டுங்கள்.

எனக்குப் பெரிய கவலை இதற்குப் பிறகுதான். எலி கடித்தோ, கேபிள் டிரேயில் யாரோ இழுத்தோ வளையம் ஓரிடத்தில் அறுந்தால், சுவிட்சுகள் மாற்றுவழியில் தரவை அனுப்பிவிடும். உற்பத்தி நிற்காது, அதனால் யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே ஓடும். இன்னோரிடத்தில் அறுபடும் அன்று, இரண்டு அறுப்புக்கும் நடுவிலுள்ள இயந்திரங்கள் துண்டாகிவிடும். இதைத் தடுக்கத்தான் சுவிட்சில், கோளாறு வந்தால் அலாரம் கொடுக்கும் ஃபால்ட் ரிலே வைத்திருக்கிறார்கள். பல பேனல்களில் அந்த டெர்மினல் காலியாகவே கிடக்கிறது. ரிங் போர்ட் லிங்க் போனாலும், ஒரு சப்ளை போனாலும் ரிலே வேலை செய்யும்படி செட் செய்து, அதை பி.எல்.சி. இன்புட்டுக்கோ ஹூட்டருக்கோ (அலாரம் ஒலிப்பான்) இழுத்துவிடுங்கள். ஒரு ஜோடி வயர்தான் செலவு.

செலவைக் குறைக்க ஆபீஸ் சுவிட்சை பேனலுக்குள் வைப்பவர்களும் உண்டு. அவற்றில் பல 40 டிகிரி வரைதான் தாங்கும். மே மாதச் சென்னையில், தகரக் கூரைக்குக் கீழே மூடிய பேனலுக்குள் வெப்பம் அதைத் தாண்டிவிடும். டேட்டாஷீட்டில் 60, 75 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, மேலும் கீழும் காற்றுக்கு இடம் விடுங்கள். இரண்டு ஷெட்டுகளை இணைக்க, தூரம் செம்பு கேபிளின் எல்லையான 100 மீட்டருக்குள் இருந்தாலும் ஃபைபரே போடுங்கள். இரண்டு ஷெட்டுகளின் எர்த் வோல்டேஜ் வித்தியாசமும் இடி மின்னலும் செம்பு கேபிள் வழியாகத்தான் வரும்.

வேலையை ஒப்படைக்கும் நாளில், லைன் ஓடாத நேரமாகப் பார்த்து, காண்ட்ராக்டரை உங்கள் கண் முன்னால் ஒரு ரிங் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். தொடர்பும் அறக்கூடாது, ஹூட்டரும் அலற வேண்டும். ஹூட்டர் அலறவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.