சாளைக்கு அடியில் எலும்பு சேர்ப்பது யார்?

"அண்ணா, எங்க தோட்டத்துச் சாளைக்கு அடியில ஏதோ வளை பறிச்சிருக்குதுங்க. ராத்திரியில கடகடன்னு சத்தம் வருது. வளை வாயில ஆட்டெலும்பு, மாட்டெலும்பெல்லாம் கெடக்குது. சிறுத்தையா இருக்குமுங்களா?"

காங்கயத்துக்குத் தெற்கே இருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டு, சில படங்களும் அனுப்பியிருந்தார். சாளை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டத்து வீடு. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2022 ஜனவரியில் கோவை குனியமுத்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த குடோனுக்குள் ஒரு சிறுத்தை பல நாள் இருந்து, கடைசியில் கூண்டில் சிக்கியது. அதே மாதம் அவிநாசி வட்டாரத்தில் ஆட்களைத் தாக்கிய இன்னொரு சிறுத்தை திருப்பூரில் பிடிபட்டது. அதற்குப் பிறகு கொங்கு நாட்டில் நாய்த்தடத்தைப் பார்த்தாலும் சிறுத்தை என்றுதான் முதலில் தோன்றுகிறது.

ஆனால் சிறுத்தை வளை பறிக்காது. கொன்றதைப் புதருக்குள்ளோ மரத்தின் மேலோ இழுத்துப் போகுமே தவிர, காய்ந்த எலும்பைப் பொறுக்கிக் கொண்டுவந்து குவிக்காது. எலும்பு சேர்க்கும் இன்னொரு விலங்கு கழுதைப்புலி. அது மாயாற்றுப் பள்ளத்தாக்கில் உண்டு, சாளைக்கு அடியில் குடியிருக்க வராது.

எனக்கு விடை சொன்னது ஒரே ஒரு படம்தான், ஆட்டின் முழங்கால் எலும்பு. வெயிலில் காய்ந்து வெளுத்தது, சதையோ கொழுப்போ துளியும் இல்லை. அதன் ஓரம் நெடுகத் தட்டையான பள்ளங்கள், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலம், ஒன்றையொன்று ஒட்டி இணை இணையாக ஓடுகின்றன. நாயோ சிறுத்தையோ கடித்திருந்தால் கோரைப்பல் இறங்கிய குழிகள் இருக்கும், எலும்பின் முனை நொறுங்கியிருக்கும். இது கடித்தது இல்லை, சீவியது. அந்த எலும்பைச் சீவியது முள்ளம்பன்றி.

பன்றி என்று பேர் இருந்தாலும் அது எலி, அணில் வகையறா, கொறிக்கும் பிராணி. வளர்ந்தது 11 முதல் 18 கிலோ வரை இருக்கும். பகலெல்லாம் வளைக்குள் கிடந்து இரவில்தான் கிளம்பும். கிழங்கு, வேர், மரப்பட்டை, விழுந்த பழம் என்று பெரும்பாலும் சைவம். மரவள்ளிக் காடு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செடிகொடி தின்னும் பிராணிக்கு எலும்பு எதற்கு? சுண்ணாம்புச் சத்துக்கும் பாஸ்பரசுக்கும். தாவரத் தீனியில் பாஸ்பரஸ் குறைவு. எலும்பில் இரண்டும் நிறைய உண்டு. இன்னொரு காரணம் பல்.

நம் பல் ஒருமுறை முளைத்ததோடு சரி. கொறிப்பவற்றின் முன்பல்லுக்கு வேர் மூடுவதே இல்லை. அடியில் இருக்கும் குருத்தணுக்கள் சாகும்வரை புதுப் பல்லை உருவாக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். எலிக்கு வாரம் 2 மில்லிமீட்டருக்கு மேல் வளர்கிறது. தேய்க்காமல் விட்டால் பல் வளைந்து வளர்ந்து, வாய் மூடவே முடியாமல் போகும். அதனால் தேய்த்தே ஆக வேண்டும். தேய்த்தால் மழுங்க வேண்டுமே, எப்படிக் கூர் நிற்கிறது? கெட்டியான எனாமல் பல்லின் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பின்பக்கம் முழுக்க அதைவிட மெத்தான பல்திசு. எலும்பில் உரசும்போது பின்பக்கம் சீக்கிரம் தேய்கிறது, முன்பக்கம் மெதுவாகத் தேய்கிறது, நடுவில் தானாகவே ஒரு சாய்வு விழுகிறது. தச்சர் உளியைச் சாணைக்கல்லில் பிடித்து இதே சாய்வைத்தான் எடுக்கிறார். இங்கே சாணை பிடிப்பதும் வேலை செய்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

தாடையும் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. முன்பல்லால் சீவும்போது கீழ்த்தாடை முன்னே நகரும், கடைவாயில் அரைக்கும்போது பின்னே போகும். இரண்டும் ஒருசேர நடக்காது. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த இடத்தில் உதடுகள் உள்பக்கமாக மடிந்து வாயை அடைத்துக்கொள்வதால், சீவிய தூளில் வேண்டாதது தொண்டைக்குப் போகாது. முள்ளம்பன்றியின் மண்டையோட்டில் கண்ணுக்கு முன்னால் ஒரு பெரிய துளை இருக்கும். தாடைத் தசையின் ஒரு பகுதி அந்தத் துளை வழியாக நுழைந்து மூக்கெலும்பின் பக்கவாட்டில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. கீழ்த்தாடையை முன்னோக்கி இழுக்கும் பலம் அங்கிருந்து வருகிறது.

இந்தப் பழக்கம் ஆராய்ச்சியாளர்களையும் குழப்பியிருக்கிறது. தென்னாப்பிரிக்கக் குகைகளில் குவிந்து கிடந்த எலும்புகளைப் பார்த்து, ஆதிமனிதனின் முன்னோர் அவற்றை ஆயுதமாகப் பயன்படுத்தினார்கள் என்று 1950களில் ரேமண்ட் டார்ட் என்ற ஆய்வாளர் வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் இன்று உயிரோடிருக்கும் விலங்குகளின் வளைகளையும் குகைகளையும் தேடிப் போய்ப் பார்த்து, அப்படிக் குவிப்பது ஊனுண்ணிகளும் முள்ளம்பன்றியும்தான் என்று காட்டினார்கள்.

வாசகர் கேட்ட கடகட சத்தம் வாலில் இருந்து வருவது. வால் முனையில் உள்ளே கூடான, நுனி திறந்த முட்கள் கொத்தாக இருக்கும். மிரண்டால் அவற்றை உதறும். முள்ளை அம்புபோல எய்யும் என்பது பொய். முள் என்பது தடித்த முடி, அதை எறியும் பொறி எதுவும் உடம்பில் கிடையாது. எதிரியைக் கண்டால் திரும்பி, முதுகைக் காட்டிப் பின்னோக்கிப் பாயும். குத்திய முள் கழன்று எதிரியின் உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ப்பு நாய்கள்தான் அதிகம் மாட்டும். இழுப்பு நோய்க்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, இதன் கறி நல்லது என்று தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் எந்த மருந்தும் இல்லை. இழுப்புக்கு நல்ல மருந்து அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும்போது, ஒரு உயிரைக் கொன்று நோயாளியையும் ஏமாற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

புலிக்கும் யானைக்கும் ஆராய்ச்சிப் பணம் கிடைக்கிறது, கிடைக்கட்டும். ஆனால் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்திலும் கிளுவை வேலியிலும் நம்மோடு வாழும் பிராணிகளை யார் எண்ணுகிறார்கள்? 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. கையளவு பிராணிக்கு அப்படி ஒரு இடம் கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தோட்டங்காட்டு விலங்குகளுக்கும் நம் வேளாண் கல்லூரிகளும் விலங்கியல் துறைகளும் கொஞ்சம் நிதி ஒதுக்க வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு வழி சொல்லவாவது அந்த ஆய்வு வேண்டாமா?

இனி அந்த வளையை என்ன செய்வது? புகை போடாதீர்கள், கல் வைத்து அடைக்காதீர்கள். ஆணும் பெண்ணும் ஒரே வளையில் சேர்ந்துதான் இருக்கும், உள்ளே குட்டியும் இருக்கலாம். வளை வாயில் சாம்பலைச் சலித்துத் தூவி, காலையில் பாருங்கள். நகம் பதிந்த அகலமான பாதமும், அதன் பக்கத்தில் முட்கள் இழுபட்ட மெல்லிய கோடுகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சாளையின் கடைக்கால் இளகும் என்று தோன்றினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாயை இரவில் கட்டி வையுங்கள். வேலியில் மின்சாரம் விடவே கூடாது. மாடும் சாகும், மனிதரும் சாவார்கள். தென்னங்கன்றுகளுக்கு அடித்தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டி, வலையின் கீழ் ஓரத்தை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள்.