சீழ்க்கட்டி ஏன் சிவந்து வீங்குகிறது?

மயிர்க்காலில் கிருமி புகுந்து கட்டி கிளம்பினால், சிவப்பு, சூடு, வலி, வீக்கம் எல்லாமே கிருமி செய்கிற அட்டகாசம் என்றுதான் நினைப்போம். உண்மையில் அதில் பெரும்பகுதி நம் உடம்பின் வேலை. அதைத் தூண்டிவிடுவது பாக்டீரியாவின் செல் சுவரும் அதை ஒட்டிய சவ்வின் பொருள்களும்.

இப்படிப்பட்ட கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். 1880-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளிலிருந்து எடுத்த சீழில் கொத்துக் கொத்தாகக் கண்ட உருண்டைகள் இவைதான். ஒவ்வொன்றும் சுமார் 1 மைக்ரோமீட்டர். செல்லுக்குள் அழுத்தம் மிக அதிகம் என்பதால், வெடித்துவிடாமல் காக்க வெளியே தடித்த சுவர் வேண்டும். பெப்டிடோகிளைக்கன் என்ற பொருளால் ஆன வலைப்பின்னல் அது: சர்க்கரைச் சங்கிலிகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் குட்டிக் குட்டி அமினோ அமில இழைகள். பெனிசிலின் தடுப்பது இந்தப் பிணைப்பைத்தான்.

நம் செல்களில் இந்தப் பொருளே கிடையாது. ஆகவே அது எங்கே தென்பட்டாலும் வந்திருப்பது பாக்டீரியா என்று உடம்பு முடிவு செய்துவிடலாம். பாக்டீரியாவும் எளிதில் அதைக் கைவிட முடியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்: உயிரைக் காக்கும் சுவரே காட்டியும் கொடுக்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி? தோல் செல்களின் மேற்பரப்பிலும், திசுக்களில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்களிலும் டிஎல்ஆர்-2 என்ற ஏற்பி, அதாவது கிருமியின் பொருளை அடையாளம் காணும் புரதம், இருக்கிறது. அது முக்கியமாகப் பிடிப்பது சுவருக்கு உட்புறமுள்ள செல்சவ்வின் பொருளை: அங்கே பதிந்திருக்கும் லிப்போபுரதங்களுக்குக் கொழுப்பு வால்கள் உண்டு. உதிர்ந்து வரும் லிப்போபுரதத்தின் வால் அந்த ஏற்பியின் குழிக்குள் செருகிக்கொண்டதும், ஏற்பி பக்கத்திலுள்ள இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்கிறது. உடனே செல்லுக்குள் சமிக்ஞை ஓடி, அழற்சிக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. செல்லுக்குள்ளேயே சுவர்த் துண்டு நுழைந்துவிட்டால் அதைப் பிடிக்க நாட்-2 என்று தனி உணரி இருக்கிறது. இந்த வகை ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் ப்ரூஸ் பாய்ட்லரும் ஜூல்ஸ் ஹாஃப்மனும் 2011-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

அப்புறம் நடப்பது நம் கண்ணுக்கே தெரியும். இரத்தக் குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் வழியே நீர் கசிவதால் வீக்கம். இன்டர்லூக்கின்-8 என்ற வேதிப்பொருளின் தடம் பிடித்து நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் படையாக வந்து, கிருமிகளை விழுங்கிச் சாகின்றன. சீழ் என்பது பெரும்பாலும் செத்த வெள்ளையணுக்கள், கிருமிகள், சிதைந்த திசு.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. கண்ணீரிலும் வெள்ளையணுக்களிலும் உள்ள லைசோசைம் என்ற நொதி பல பாக்டீரியாக்களின் சுவரை அறுத்துவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸோ சுவரின் சர்க்கரையில் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டிவைத்து லைசோசைமைச் செல்லாததாக்கிவிடுகிறது. சுவரிலேயே புரதம்-ஏ என்ற ஒன்றையும் வைத்திருக்கிறது. அது, கிருமிமேல் ஒட்டி வெள்ளையணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள்களை வால் பக்கமாகப் பிடித்துக்கொள்வதால், வெள்ளையணுக்கள் பற்ற வேண்டிய பிடியே மறைந்துபோகிறது.

தோல் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கிய முதல் ஓரிரு நாளில் சிவப்பு சற்றுக் கூடுவதுண்டு. செத்த பாக்டீரியாவிலிருந்து சிதறும் துண்டுகளும் அதே ஏற்பிகளைத் தூண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். சரி, அதற்காக அலட்சியம் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, வலி கடுமையானாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ உடனே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.